ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர்: வாங்கும் முன் சாக்கெட்டை அளந்து பாருங்கள்

கேள்வி இதுதான்: "புதிதாக 260 லிட்டர் டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறோம். இன்வெர்ட்டர் கம்ப்ரசர். கடையில் ஸ்டெபிலைசர் கட்டாயம் போடணும் என்றார்கள். பொருத்திக் கொடுக்க வந்தவர் தேவையே இல்லை என்கிறார். சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றும். ஸ்டெபிலைசர் வாங்கலாமா? வாங்கினால் எத்தனை வி.ஏ. (அதாவது கெப்பாசிட்டி), என்ன ரேஞ்ச்?"

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே உங்கள் வீட்டு வோல்டேஜை அளந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா என்பதை முடிவு செய்வது, உள்ளே இருக்கும் கம்ப்ரசர் எந்த வகை என்பதும், உங்கள் சாக்கெட்டில் நாள் முழுக்க என்ன வோல்டேஜ் வருகிறது என்பதும்தான். லிட்டர் கணக்கு அதற்கு அப்புறம்தான் வரும். கடைகளில் முதலில் கேட்பதே "எத்தனை லிட்டர்?" என்பதால் எல்லோரும் அதை வைத்தே வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் பழைய வகைக் கம்ப்ரசரைப் பார்ப்போம். ஸ்டெபிலைசர் போடும் பழக்கமே அதனால் வந்ததுதான். அதில் இருப்பது சாதாரண சிங்கிள் ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். ஒன்று முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். இடையில் எதுவும் கிடையாது. இந்த மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிட ஐந்து ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரு விநாடிக்கும் குறைவான நேரம்தான். அதற்குள் அது சுழலத் தொடங்கிவிட வேண்டும்.

வோல்டேஜ் குறைந்தால் சிக்கல் அந்த இடத்தில்தான். மோட்டார் கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் கிடைக்கும் விசையை 100 என்று வைத்துக்கொண்டால், 180 வோல்ட்டில் 61தான் கிடைக்கும். 160 வோல்ட்டில் 48. அதாவது வோல்டேஜ் 30 சதவீதம் குறைந்தால் விசை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உள்ளே கேஸின் அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற வேண்டிய மோட்டாருக்கு அந்த விசை போதாது. சுற்ற முடியாமல் அப்படியே நின்று, இழுக்கும் கரண்ட் முழுவதையும் காயிலில் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். லோ வோல்டேஜ் நேரத்தில் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் நின்று கேளுங்கள். 'ம்ம்ம்' என்று ஒரு கனமான உறுமல் சில விநாடிகள் வரும். பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடி உறுமல், மறுபடி 'டிக்'. கம்ப்ரசரின் பக்கத்தில் இருக்கும் ஓவர்லோடு புரொடெக்டர் சூடாகி இணைப்பைத் துண்டிக்கிற சத்தம் அது. ஆறியதும் அதுவே மறுபடி சேர்த்துவிடும். ஒரு தடவை இரண்டு தடவை இப்படி ஆனால் கம்ப்ரசர் தாங்கிக்கொள்ளும். தினமும் சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் இதுவே நடந்தால் காயிலின் இன்சுலேஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். கடைசியில் ஒருநாள் ஷார்ட் ஆகும். 'திடீரென்று கம்ப்ரசர் போய்விட்டது' என்று சொல்லப்படுபவற்றில் பல, இப்படிப் பல மாதங்களாக நடந்துகொண்டிருந்தவைதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், கரண்ட் போய் உடனே திரும்பி வருவது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயின் ஒரு பக்கம் அதிக அழுத்தம், மறுபக்கம் குறைந்த அழுத்தம். கம்ப்ரசர் நின்றபின் கேஸ் மெல்லிய கேப்பிலரி டியூப் வழியாக ஊர்ந்து போய் இரண்டு பக்கமும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதற்கு முன்னாலேயே கரண்ட் வந்துவிட்டால், 230 வோல்ட் முழுசாக இருந்தாலும் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்பத் திணறும். ஸ்டார்ட் செய்ய உதவும் பி.டி.சி. ரிலேவும் ஆறுவதற்குச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஸ்டெபிலைசரில் 'டைம் டிலே' என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான். பழைய வகை ஃப்ரிட்ஜைப் பொறுத்தவரை வோல்டேஜை ஏற்றி இறக்குவதற்குச் சமமான முக்கியத்துவம் இந்த மூன்று நிமிடக் காத்திருப்புக்கும் உண்டு என்பது என் கருத்து.

இப்போது உங்கள் இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு வருவோம். இதன் கதை வேறு. வரும் ஏ.சி. கரண்டை ஒரு எலக்ட்ரானிக் போர்டு முதலில் டி.சி. ஆக்குகிறது. பிறகு அதிலிருந்து மோட்டாருக்கு வேண்டிய அளவில், வேண்டிய வேகத்தில் மூன்று ஃபேஸ் கரண்டைத் தானே உருவாக்கித் தருகிறது. மோட்டார் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் எடுக்கும். அந்த ஐந்து ஆறு மடங்கு இழுப்பு இதில் கிடையாது. வோல்டேஜ் குறைந்தால் போர்டு கொஞ்சம் அதிக கரண்ட் எடுத்து ஈடுகட்டிவிடும். ரொம்பவும் குறைந்தால் தானே நிறுத்திவிட்டு, பிறகு சரியானதும் தானே தொடங்கும். நின்றவுடன் மறுபடி கிளம்பாமல் காத்திருப்பதும் அதன் வேலையிலேயே அடங்கிவிடுகிறது.

அதனால்தான் பொருத்த வந்தவர் 'தேவையில்லை' என்றார். தயாரிப்பாளர்களும் 'ஸ்டெபிலைசர் இல்லாமல் இயங்கும்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு வோல்டேஜ் ரேஞ்சையும் அச்சடிக்கிறார்கள். அந்த ரேஞ்ச் எல்லா மாடலுக்கும் ஒன்றல்ல. உங்கள் ஃப்ரிட்ஜின் கையேட்டிலோ உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளிலோ எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி அட்டையையும் ஒருமுறை படியுங்கள். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் போர்டு போனால் பொறுப்பில்லை என்று சில நிறுவனங்கள் சிறிய எழுத்தில் போட்டிருக்கும்.

இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜுக்கு உண்மையான எதிரி ஹை வோல்டேஜ். 230 வோல்ட் என்று சொல்வது சராசரி மாதிரியான ஒரு கணக்கு. அலையின் உச்சி 325 வோல்ட். 270 வந்தால் உச்சி 382. 300 வந்தால் 424. போர்டில் இந்த உச்சியைத் தாங்கி நிற்பது ஃபில்டர் கெப்பாசிட்டர். இத்தகைய போர்டுகளில் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் கெப்பாசிட்டர்களே இருக்கும். எல்லையைத் தாண்டினால் கெப்பாசிட்டர் உப்பும், பாதுகாப்புக்கு வைத்த வேரிஸ்டர் கருகும், அதோடு ஃப்யூஸும் போகும். மோட்டார் நன்றாகவே இருக்கும், ஆனால் போர்டை மாற்றாமல் ஃப்ரிட்ஜ் ஓடாது. ஆகவே பழைய வகையில் முதல் கவலை லோ வோல்டேஜ், உங்கள் வகையில் முதல் கவலை ஹை வோல்டேஜ். ஸ்டெபிலைசர் தேர்வு இங்கிருந்தே இரண்டாகப் பிரிகிறது.

சரி, அளப்பது எப்படி? சாக்கெட்டில் செருகினால் வோல்டேஜ் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. ஃப்ரிட்ஜ் போடும் அதே சாக்கெட்டில் அளக்க வேண்டும், ஹாலில் இருக்கும் சாக்கெட்டில் அல்ல. காலை, நண்பகல், எல்லோரும் வீட்டில் இருக்கும் முன்னிரவு, ஊர் அடங்கிய நள்ளிரவு என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். நள்ளிரவை விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் 170க்கு இறங்கும் லைனில் நள்ளிரவில் 260 ஏறுவது சகஜம். சுமை குறைந்ததும் வோல்டேஜ் தானாக மேலே போகும். தூங்கும் நேரம் என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் குண்டு பல்பு மங்கி ஆரஞ்சு நிறத்தில் எரிந்தால் லோ வோல்டேஜ் என்று தெரிந்துவிடும். எல்.இ.டி. பல்பு பெரும்பாலும் அப்படி மங்காது. 150 வோல்ட்டிலும் பல எல்.இ.டி. பல்புகள் பளிச்சென்று எரியும். நீங்கள் ஃபேனைக் கவனித்தது நல்லது. இருந்தாலும் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதிலிருந்து எண் தெரியாது. 205 வோல்ட்டா 165 வோல்ட்டா என்பதில்தான் உங்கள் முடிவே இருக்கிறது.

அளக்கும்போது இன்னொன்றும் பாருங்கள். கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் கணத்தில், அல்லது அதே சாக்கெட் லைனில் ஒரு அயர்ன் பாக்ஸ் போட்டதும், வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது? நான்கு ஐந்து வோல்ட் இறங்கினால் பரவாயில்லை. 225 இருந்தது சட்டென்று 200க்குக் கீழே போனால், எலக்ட்ரீஷியனை அழைத்து அதே நேரத்தில் மெயின் போர்டிலும் அளக்கச் சொல்லுங்கள். மெயினில் 224 நிற்கிறது, சாக்கெட்டில் மட்டும் 198 என்றால், தவறு தெரு லைனில் இல்லை. உங்கள் வீட்டு வயரிங்கில் எங்கோ ஒரு ஜாயிண்ட் லூஸாக இருக்கிறது, அல்லது வயர் மெல்லியதாக இருக்கிறது. பிளக்கைத் தொட்டால் சூடு, சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்புக் கறை, இவையும் அதே அறிகுறிகள்தான்.

இந்த நிலையில் ஸ்டெபிலைசர் போடுவது ஆபத்தானது. காரணம் எளிது. ஸ்டெபிலைசர் கரண்டை உற்பத்தி செய்வதில்லை. வோல்டேஜை உயர்த்திக் கொடுக்க, சுவரிலிருந்து அதற்கேற்ப அதிக ஆம்பியர் இழுக்கிறது. 220 வோல்ட்டில் 2 ஆம்பியர் வெளியே போக வேண்டும், உள்ளே வருவது 150 வோல்ட் என்றால், சுவரிலிருந்து கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்க வேண்டும். லூஸ் ஜாயிண்டில் கரண்ட் கூடினால் சூடு கூடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும், ஸ்டெபிலைசர் இன்னும் இழுக்கும். அந்த ஜாயிண்ட் சுவருக்குள் புகையத் தொடங்குவது இப்படித்தான். முதலில் வயரிங்கைச் சரி செய்யுங்கள். பல வீடுகளில் அதோடு ஸ்டெபிலைசருக்கான தேவையே தீர்ந்துவிடும்.

வயரிங் சரி, லைனிலேயே ஏற்ற இறக்கம் என்றால் உங்கள் குறிப்பைப் பாருங்கள். 230 வோல்ட் சப்ளைக்கு சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட எல்லை 10 சதவீதம் கூட, 10 சதவீதம் குறைய. அதாவது 207 முதல் 253 வரை. ஒரு வாரம் முழுக்க இதற்குள்ளேயே இருந்தால் எந்த வகை ஃப்ரிட்ஜுக்கும் ஸ்டெபிலைசர் வேண்டாம், பணத்தை மிச்சப்படுத்துங்கள். பழைய வகைக் கம்ப்ரசராக இருந்து, வோல்டேஜ் அடிக்கடி 190க்குக் கீழே போனால் தயங்காமல் ஸ்டெபிலைசர் போடுங்கள். இன்வெர்ட்டர் வகையாக இருந்து, கையேட்டில் போட்டிருக்கும் ரேஞ்சுக்குள் உங்கள் அளவுகள் அடங்கிவிட்டால் ஸ்டெபிலைசர் தேவையில்லை.

இதற்கிடையில் பலரும் கேள்விப்படாத ஒரு வழி உண்டு: வோல்டேஜ் புரொடெக்டர். இதில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வோல்டேஜை ஏற்றவோ இறக்கவோ செய்யாது. எல்லை தாண்டினால் துண்டிக்கும், சரியானபின் மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ காத்திருந்து மறுபடி கொடுக்கும், அவ்வளவுதான். எப்போதும் 210, 220 என்று ஒழுங்காக இருந்து, எப்போதாவது மட்டும் வோல்டேஜ் தாறுமாறாகப் போகும் வீட்டுக்கும், அகலமான ரேஞ்ச் உள்ள இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜுக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். வாங்கும்போது அது எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பாருங்கள். 400 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் என்று போட்டிருப்பதே வேண்டும். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்துவிட்டால் வீட்டு சாக்கெட்டில் 400 வோல்ட்டை நெருங்கி வரும். அன்றைக்குப் பல சாதாரண ஸ்டெபிலைசர்கள் தாங்களே புகைந்துபோகும், ஏனென்றால் அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர் நேராக லைனில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்டெபிலைசர்தான் வேண்டும் என்று முடிவானால், முதலில் பார்க்க வேண்டியது இன்புட் ரேஞ்ச். பெட்டியில் இரண்டு விதமான எண்கள் இருக்கும். 'வொர்க்கிங் ரேஞ்ச்' என்பது எந்த வோல்டேஜ் முதல் எந்த வோல்டேஜ் வரை அது வேலை செய்யும் என்பது. 'அவுட்புட்' என்பது அப்போது ஃப்ரிட்ஜுக்குப் போகும் வோல்டேஜ், உதாரணமாக 200 முதல் 240 வரை. பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் '90 வோல்ட்டிலும் வேலை செய்யும்' என்று இருந்தால், அந்த 90 வோல்ட்டில் அவுட்புட் எவ்வளவு, எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பின்பக்கம் தேடுங்கள். அது எழுதப்படவில்லை என்றால் அந்த 90க்கு அர்த்தமில்லை.

நீங்கள் குறித்ததில் மிகக் குறைந்த எண்ணுக்கு 15, 20 வோல்ட் கீழேயும், மிக அதிக எண்ணுக்கு அதே அளவு மேலேயும் போகிற ரேஞ்ச் போதும். 165 முதல் 255 வரை அளந்திருந்தால், 140 முதல் 280 வரை உள்ளது தாராளம். தேவைக்கு மீறி அகலமான ரேஞ்ச் வாங்குவதில் லாபமில்லை, ஒரு நஷ்டம் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது கெப்பாசிட்டி, அதாவது வி.ஏ. ஃப்ரிட்ஜின் லேபிளில் ஆம்பியர் போட்டிருக்கும். 1.2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 230 ஆல் பெருக்கினால் 276 வி.ஏ. இது ஓடும்போது ஆவது. பழைய வகை மோட்டார் கிளம்பும் கணத்தில் இது ஐந்து ஆறு மடங்கு, 1400, 1600 வி.ஏ. வரை போகும். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு விநாடிக்கு அதைத் தாங்கும் என்றாலும், ரொம்பச் சின்னதாக இருந்தால் அந்தக் கணத்தில் அதன் அவுட்புட்டே சரிந்துவிடும். ஸ்டெபிலைசர் போட்டும் கம்ப்ரசர் உறுமிக்கொண்டே நிற்பதற்கு இதுதான் காரணம். அதனால் ஓடும் வி.ஏ.வைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கட்டும். 300 லிட்டர் வரையுள்ள ஃப்ரிட்ஜுக்கு 500 வி.ஏ., அதற்கு மேல் 1 கே.வி.ஏ. (1000 வி.ஏ.) என்று கடைகளில் சொல்லும் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் உங்கள் ஏரியாவில் அடிக்கடி 150, 160 என்று வந்தால், பழைய வகை 260 லிட்டருக்கும் நான் 1 கே.வி.ஏ. என்றுதான் சொல்வேன். தாழ்ந்த வோல்டேஜில் ஸ்டெபிலைசரின் உண்மையான திறன் பெட்டியில் போட்டிருப்பதைவிடக் குறைந்துவிடும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் ஐஸை உருக்கும் ஹீட்டர் ஒன்றும் இருக்கும். அது கம்ப்ரசரோடு சேர்ந்து ஓடாது, கம்ப்ரசர் நிற்கும்போதுதான் ஓடும். ஆனால் பல ஃப்ரிட்ஜ்களில் கம்ப்ரசரைவிட அதிக வாட் எடுப்பது அதுதான். லேபிளில் 'டிஃப்ராஸ்ட்' என்று தனியாக ஒரு வாட் எண் இருந்தால், இரண்டில் எது பெரியதோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜில் கிளம்பும் இழுப்பு இல்லாததால் 260 லிட்டருக்கு 500 வி.ஏ. தாராளம்.

வகைகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரின் காயிலில் பல இடங்களில் இணைப்பு (டேப்) எடுத்து, ரிலேயால் மாற்றி மாற்றி இணைக்கும் சாதாரண ரிலே வகையே ஃப்ரிட்ஜுக்குப் பொருத்தம். சின்ன மோட்டாரால் வோல்டேஜைத் தொடர்ந்து சரிசெய்யும் சர்வோ வகை ஓரிரு சதவீதத் துல்லியம் தரும். ஃப்ரிட்ஜுக்கு அந்தத் துல்லியம் எதற்கும் உதவாது. உள்ளே தேயக்கூடிய பிரஷ்ஷும் மோட்டாரும் வேறு இருக்கின்றன. சி.வி.டி. (கான்ஸ்டன்ட் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்) என்னும் வகை மோட்டார் கிளம்பும் இழுப்புக்குச் சரிப்படாது. டிவிக்கு என்று விற்கும் ஸ்டெபிலைசரை ஃப்ரிட்ஜுக்குப் போடாதீர்கள், பலவற்றில் மூன்று நிமிட டிலே இருக்காது. வீட்டில் பழைய ஏ.சி. ஸ்டெபிலைசர் சும்மா கிடக்கிறது, போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் அதன் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் நாள் முழுக்க வீணாகக் கரண்ட் தின்னும், ரேஞ்சும் உங்களுக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும்.

கையால் திருகி வோல்டேஜ் ஏற்றும் பழைய பெட்டி எங்காவது இருந்தால் தயவுசெய்து அதை ஃப்ரிட்ஜில் இணைக்காதீர்கள். சாயங்காலம் 160 வரும்போது 220க்குத் திருகி வைத்துவிட்டுத் தூங்கப் போவீர்கள். நள்ளிரவில் லைன் 240க்கு வந்தால் ஃப்ரிட்ஜுக்கு 330 போகும்.

மேலே சொன்ன நஷ்டம் இதனோடு சம்பந்தப்பட்டதுதான். ஆட்டோமேட்டிக் ரிலே ஸ்டெபிலைசரும் இதே வேலையை ஒரு கண நேரத்துக்குச் செய்யக்கூடும். 140 வோல்ட் வரும்போது 1.45 மடங்கு உயர்த்தி 203 கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் லைன் சட்டென்று 240க்குத் தாவினால், உள்ளே இருக்கும் சர்க்யூட் கண்டுபிடித்து ரிலேயை மாற்றும் வரை அவுட்புட் 348 வோல்ட். ரிலே மாறச் சில பத்து மில்லி விநாடி ஆகும். பழைய வகை மோட்டார் இதைக் கண்டுகொள்ளாது. இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டருக்கு அப்படியில்லை. அகலமான ரேஞ்ச் கொண்ட இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜுக்கு மலிவான ஸ்டெபிலைசர் போடாமல் இருப்பதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான். ரேஞ்ச் எவ்வளவு கீழே போகிறதோ, உயர்த்தும் மடங்கும் அவ்வளவு பெரியது, இந்தத் தாவலும் பெரியது. போட்டே ஆக வேண்டிய இடத்தில், வோல்டேஜைக் கவனித்து ரிலேயை மாற்றும் மைக்ரோகண்ட்ரோலர் சிப் உள்ளதாகவும், ஹை கட்-ஆஃப் தெளிவாக எழுதப்பட்டதாகவும் பார்த்து வாங்குங்கள்.

கட்-ஆஃப் என்பது ஸ்டெபிலைசரால் சமாளிக்க முடியாத நேரத்தில் ஃப்ரிட்ஜை முழுதாகத் துண்டித்துவிடுவது. ஹை கட்-ஆஃப் பெரும்பாலானவற்றில் இருக்கும். லோ கட்-ஆஃப் சில மலிவு மாடல்களில் இருக்காது. பழைய வகைக் கம்ப்ரசருக்கு அது இல்லாமல் வாங்கவே கூடாது. சில மாடல்களில் டிலேயை 'உடனே', 'மூன்று நிமிடம்' என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும். மூன்று நிமிடத்திலேயே விடுங்கள். அந்த மூன்று நிமிடமும் ஃப்ரிட்ஜின் உள்விளக்குகூட எரியாது. ஸ்டெபிலைசர் கெட்டுவிட்டது என்று அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் முதலிலிருந்து ஓடும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

காப்பர் வைண்டிங்கா அலுமினியமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டும் கிடைத்தால் காப்பர் வாங்குங்கள், சூடு குறைவு. ஆனால் தாழ்ந்த வோல்டேஜில் எத்தனை ஆம்பியர் என்று ஒழுங்காக எழுதிக் கொடுக்கிற அலுமினியப் பெட்டி, எதுவும் எழுதாத காப்பர் பெட்டியைவிட நல்லது.

ஸ்டெபிலைசரும் கரண்ட் செலவழிக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். ஃப்ரிட்ஜ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் விழித்தே இருக்கும். 10 வாட் என்று வைத்தால்கூட ஆண்டுக்கு 87 யூனிட்டுக்கு மேல். மின்சாரம் மிச்சமாகும் என்று கூடுதல் விலை கொடுத்து இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் வாங்கியவர், தேவையில்லாத ஸ்டெபிலைசரைப் போட்டால் மிச்சத்தில் ஒரு பெரிய பங்கு அங்கே போய்விடும். இதனால்தான் 'எதற்கும் இருக்கட்டும்' என்று வாங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இடி மின்னலுக்கும் ஸ்டெபிலைசருக்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் மின்னல் இறங்கினால் எந்த ஸ்டெபிலைசரும் காப்பாற்றாது. அதற்கு மெயின் போர்டில் திடீர் மின் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டரும் நல்ல எர்த்தும் வேண்டும். கையில் இருக்கும் உபாயம் பலத்த இடி நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான்.

வாங்குகிற கடையில் வேரியாக் (வோல்டேஜை வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கும் கருவி) இருந்தால், உங்கள் குறைந்த எண்ணையும் அதிக எண்ணையும் சொல்லி அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வோல்டேஜை மெதுவாக இறக்கும்போது 'டக்' என்று ஒவ்வொரு ரிலேயாக மாறும். ஒரே இடத்தில் நிறுத்தினால் சத்தம் நின்றுவிட வேண்டும். அங்கேயே 'டக் டக் டக்' என்று அடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். வீட்டில் வோல்டேஜ் அந்த எண்ணில் நின்று ஆடும் ராத்திரிகளில் ரிலே முனைகள் பொசுங்கிவிடும். டிஸ்ப்ளே காட்டும் எண்ணை மீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டும் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கையேட்டு ரேஞ்சுக்குள் எல்லா அளவும் அடங்கினால் டிலே உள்ள ஒரு புரொடெக்டர் மட்டும் போடுங்கள். சாயங்கால வோல்டேஜ் அந்த ரேஞ்சுக்குக் கீழே அடிக்கடி போனாலோ, நள்ளிரவு வோல்டேஜ் அதற்கு மேலே ஏறினாலோ, 500 வி.ஏ. மைக்ரோகண்ட்ரோலர் ஸ்டெபிலைசர், உங்கள் இரண்டு கடைசி எண்களைத் தாண்டி 20 வோல்ட் இடைவெளி உள்ள ரேஞ்ச். மின்வாரியத்தில் புகார் கொடுப்பதையும் விடாதீர்கள். தெருவில் எல்லோர் வீட்டிலும் தினமும் 170 வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர் சுமையோ லைன் பழுதோ. ஒரு வாரம் நேரத்தோடு குறித்த தாளைக் காட்டினால் புகாருக்கு வலு கூடும்.

பொருத்தும்போது ஸ்டெபிலைசரை ஃப்ரிட்ஜின் தலையில் வைக்காதீர்கள், சுவரில் மாட்டுங்கள். சுற்றிலும் காற்றுப் போக இடம் இருக்கட்டும், மேலே துணி போட்டு மூட வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக அல்ல, நேராகச் சுவர் சாக்கெட்டில் இணையுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். ஃப்ரிட்ஜின் இரும்பு உடலுக்கு எர்த் அதன் வழியாகத்தான் போகிறது. மிக்ஸி, மைக்ரோவேவ் எதையும் அதே ஸ்டெபிலைசரில் சேர்க்க வேண்டாம். மாட்டிய முதல் நாள், ஃப்ரிட்ஜ் ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கையும் பெட்டியின் மேல்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். பெட்டி வெதுவெதுப்பாக இருக்கலாம். பிளக் சூடாக இருந்தால் உடனே அணைத்துவிட்டு சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.